இதய அறுவையும் உறக்க மருந்தும்: முந்தைய நாள் மாலை பேச வேண்டியவை

இதய அறுவைக்கு நாள் குறிக்கப்பட்ட வீட்டில் கேள்விகளுக்குக் குறைவிருக்காது. எத்தனை அடைப்பு, எத்தனை மணி நேரம், எத்தனை நாள் தங்க வேண்டும், காப்பீட்டு அட்டை செல்லுமா, இரத்தம் கொடுக்க எத்தனை பேர் வர வேண்டும் என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். மயக்க மருந்தைப் பற்றி மட்டும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: "மயக்கம் தெளிந்துவிடும் அல்லவா?" தெளியும் என்று நாங்கள் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. அது அங்கே முடிந்துவிடக் கூடாது என்பதைச் சொல்லவே மயக்கவியல் பிரிவில் பணிபுரியும் நாங்கள் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் பைபாஸ் அறுவைக்கு வந்த ஒரு பெரியவரை, அடையாளங்களை மாற்றி, இங்கே நினைவுகூர்கிறோம். பணி ஓய்வு பெற்று முடிச்சூர்ப் பக்கம் வீடு கட்டிக் குடியேறியவர். அறுவைக்கு முந்தைய நாள், "வேறு மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீர்களா ஐயா?" என்று கேட்டோம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்ணும் மாத்திரைகளைச் சொன்னார். குறித்துக்கொண்டோம். அறுவை நன்றாக முடிந்தது. மறுநாள் காலை மூச்சுக்குழாயை எடுத்தோம். மகளிடம் தெளிவாகப் பேசினார். பேரன் தேர்வு எப்படி எழுதினான் என்று விசாரித்தார்.

அதற்கு அடுத்த இரவு அவர் வேறு மனிதராகிவிட்டார். கையில் ஏற்றியிருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கினார். சுவரில் எறும்புகள் ஊர்வதாகச் சொன்னார். தன்னைக் கடத்தி வந்து அடைத்து வைத்திருப்பதாகச் செவிலியரிடம் சண்டையிட்டார். அழைக்கப்பட்டு ஓடிவந்த மகளைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்டார். நெஞ்செலும்பைக் கம்பியால் இணைத்து இரண்டு நாள்கூட ஆகாத ஒருவர் அப்படித் திமிறுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த இரவில்தான் மகள் அழுதுகொண்டே சொன்னார்: "பத்து வருஷமா அப்பா ராத்திரி தூக்கத்துக்கு ஒரு மாத்திரை போடுவார் டாக்டர். அது இல்லேன்னா தூக்கமே வராது. அதையும் சொல்லணும்னு எங்களுக்குத் தெரியல."

அந்த மாத்திரை அல்பிரசோலம். நாள்தோறும் பழகிய உடலுக்கு அது திடீரென நின்றுபோனால், ஓரிரு நாளில் மூளை கொந்தளிக்கும். காரணம் தெரிந்த பிறகு உரிய மருத்துவம் செய்தோம். சில நாள்களில் அவர் தெளிந்தார். நல்லபடியாக வீடு திரும்பினார். ஆனால் அந்த நாள்களை அவருடைய குடும்பம் மறந்திராது, நாங்களும் மறக்கவில்லை. குறை அவர் சொல்லாததில் மட்டும் இல்லை. உறக்கத்துக்கு உண்ணும் மாத்திரையை நம் மக்கள் 'மருந்து' என்ற கணக்கில் சேர்ப்பதில்லை என்று தெரிந்தும், நாங்கள் அதைத் தனியாகக் கேட்கவில்லை.

துணை மருந்து எதற்கு?

அறுவை மேசையில் கொடுக்கப்படும் மயக்கம் ஒரே மருந்தின் வேலையன்று. நினைவை நீக்க ஒன்று, வலியை அடக்க ஒன்று, தசையைத் தளர்த்த ஒன்று என்று பல மருந்துகள் சேர்ந்தே அது அமைகிறது. கால் எலும்பு அறுவைக்கு வரும், இதயம் வலுவான ஒருவருக்கு முதன்மை மயக்க மருந்தைத் தேவையான அளவுக்கு உயர்த்திக் கொடுக்க இடமுண்டு. இதய அறுவைக்கு வருபவரிடம் அந்த இடம் குறுகியது. புரோபோஃபால் போன்ற ஊசி மருந்துகளும், முகர்ந்து மயங்கும் வாயுக்களும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கக் கூடியவை. ஏற்கெனவே தளர்ந்துபோன இதயம் அதைத் தாங்காது. ஆகவே முதன்மை மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டு, மனத்தை அமைதிப்படுத்தி உறக்கத்தை ஆழமாக்கும் வேறு மருந்துகளைத் துணைக்குச் சேர்க்கிறோம். இவற்றையே இக்கட்டுரையில் அமைதியூட்டும் துணை மருந்துகள் என்கிறோம்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1969-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள், பெரிய அளவில் மார்ஃபின் கொடுத்தால் நலிந்த இதயமும் மயக்கத்தைத் தாங்குகிறது என்று எழுதினார்கள். 1970களின் பிற்பகுதியில் மார்ஃபினின் இடத்துக்கு ஃபென்டனில் வந்தது. நம் நாட்டில் பைபாஸ் அறுவை வேரூன்றியதும் அந்தக் காலத்தில்தான். 1975-இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் அறுவையைச் செய்தார். அன்று விந்தையாகப் பேசப்பட்ட அறுவை, இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டையை வைத்திருக்கும் எளிய குடும்பத்துக்கும் எட்டியிருக்கிறது.

மார்ஃபினும் ஃபென்டனிலும் வலியை அடக்கும்; ஆனால் நினைவு முழுவதும் மறையும் என்று உறுதி தருவதில்லை. உடல் அசையாமல் கிடக்க, உள்ளே நினைவு விழித்திருக்கும் நிலை சிலருக்கு ஏற்பட்டது. அதைவிடக் கொடிய அனுபவம் நோயாளிக்கு வேறில்லை. இந்த இடைவெளியை அடைக்கவே டயசிபாம், மிடசோலம் போன்ற மருந்துகள் துணைக்கு வந்தன. அவை பதற்றத்தைத் தணிக்கும். நடந்ததை நினைவில் பதியாமல் செய்யும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், மயக்கத்தின்போது நினைவு விழித்ததாக நோயாளிகள் தாமே முன்வந்து சொன்னது சுமார் 19,000 மயக்கங்களுக்கு ஒன்று. இதய, நெஞ்சக அறுவைகளில் மட்டும் அது சுமார் 8,600-க்கு ஒன்று. அரிது என்பதால் ஆறுதல் கொள்ளலாம். இதய அறுவையில் கூடுதல் என்பதால் துணை மருந்தின் தேவையும் விளங்கும்.

பழைய மருந்தும் புதிய மருந்தும்

மிடசோலம் போன்றவற்றின் நன்மைக்கு ஒரு விலை உண்டு. முதியவர் உடலில் அவை நெடுநேரம் தங்கலாம். மூச்சை மந்தமாக்கலாம். அறுவைக்குப் பின், மேலே சொன்ன பெரியவருக்கு நேர்ந்தது போன்ற கடும் மனக்குழப்பத்துக்கு வழிசெய்யலாம் என்ற ஐயம் நெடுங்காலமாக இருக்கிறது. இந்த மனக்குழப்பத்தை மருத்துவத்தில் டெலிரியம் என்கிறோம். அது பைத்தியமன்று, பேயோ செய்வினையோ அன்று. மூளை சில மணி நேரமோ சில நாள்களோ தன் ஒழுங்கை இழக்கும் நிலை அது. பெரும்பாலோர் அதிலிருந்து மீள்கிறார்கள். ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாள்கள் கூடும். சில முதியவர்களுக்கு நினைவாற்றல் பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும். எனவேதான் முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகளை இயன்றவரை தவிர்க்குமாறு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியல் அறிவுறுத்துகிறது.

இந்நிலையில் வந்தது டெக்ஸ்மெடிடோமிடின். தீவிர சிகிச்சைப் பிரிவில் பயன்படுத்த 1999-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மூளைத் தண்டில் விழிப்பைக் காக்கும் ஒரு சிறு நரம்புக் கொத்தின் வேகத்தை அது தணிக்கிறது. அதனால் வரும் உறக்கம் இயற்கை உறக்கத்தை ஒத்தது. தோளைத் தொட்டு "ஐயா" என்று அழைத்தால் நோயாளி கண் திறப்பார். கையை அழுத்தச் சொன்னால் அழுத்துவார். விட்டுவிட்டால் மீண்டும் உறங்குவார். மூச்சை அது பெரிதாக அடக்குவதில்லை. வலி மருந்தின் தேவையையும் குறைக்கிறது. அதே வேளையில் இதயத் துடிப்பை மெதுவாக்கும். இரத்த அழுத்தத்தை இறக்கும். துடிப்பு ஏற்கெனவே மந்தமாக உள்ளவருக்கும், இதயத்தின் மின்னோட்டத்தில் தடை உள்ளவருக்கும் மிகுந்த எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டிய மருந்து அது.

கைப்பேசியில் படித்துவிட்டு, "அந்தப் புதிய மருந்தையே அப்பாவுக்குக் கொடுங்கள்" என்று கேட்கும் பிள்ளைகள் இப்போது உண்டு. அவர்களுடைய அக்கறையை மதிக்கிறோம். ஆனால் ஆய்வுகள் சொல்வதை முழுமையாக அறிய வேண்டும். 2016-இல் கனடாவின் டொரொன்டோவிலிருந்து வந்த ஆய்வு, இதய அறுவைக்குப் பின் புரோபோஃபால் பெற்ற முதியவர்களில் 31.5 விழுக்காட்டினருக்கு மனக்குழப்பம் வந்ததாகவும், டெக்ஸ்மெடிடோமிடின் பெற்றவர்களில் 17.5 விழுக்காட்டினருக்கே வந்ததாகவும் கூறியது. பெரும் நம்பிக்கை பிறந்தது. நான்கு ஆண்டு கழித்து, 2020-இல், அமெரிக்காவில் சுமார் 800 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு வெளியானது. வெறும் உப்பு நீர் பெற்றவர்களில் 12 விழுக்காட்டினருக்கும், அம்மருந்தைப் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் மனக்குழப்பம் வந்திருந்தது. அதாவது மருந்து காக்கவில்லை. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதையும் அது குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை.

பழைய மருந்தின் மீதிருந்த குற்றச்சாட்டும் அவ்வாறே சோதிக்கப்பட்டது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 20 மருத்துவமனைகளில், இதய அறுவையின்போது மிடசோலம் வகை மருந்துகளைச் சில வாரங்கள் தவிர்ப்பதும் சில வாரங்கள் கொடுப்பதுமாக மாறி மாறிச் செய்து பார்த்தார்கள். ஏறத்தாழ 20,000 நோயாளிகள். 2025-இல் வெளியான முடிவு: தவிர்த்த வாரங்களில் மனக்குழப்பம் 14.0 விழுக்காடு, கொடுத்த வாரங்களில் 14.9 விழுக்காடு. உறுதியாக வேறுபாடு என்று சொல்ல முடியாத இடைவெளி.

இவற்றுக்கு நடுவே, 2019-இல் பாஸ்டனில் 120 முதியவர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வும் எங்கள் கருத்தைக் கவர்ந்தது. அறுவைக்குப் பின் நரம்பு வழியே பாரசிட்டமால் பெற்றவர்களில் 10 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 28 விழுக்காட்டினருக்கும் மனக்குழப்பம் வந்தது. சிறிய ஆய்வு என்பதால் அதை இறுதி முடிவாகக் கொள்ளலாகாது. எனினும் வீட்டில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் அதே பாரசிட்டமால், வலியைத் தணிப்பதன் வழியே மூளைக்கும் உதவக்கூடும் என்ற எண்ணத்தை அது தருகிறது.

எங்கள் கருத்து

இந்த முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எங்களுக்குத் தோன்றுவது இது: பெயர் சொல்லிக் கேட்டுப் பெறத்தக்க அதிசயத் துணை மருந்து எதுவும் இல்லை, பெயரைக் கேட்டதும் அஞ்சி ஓட வேண்டிய மருந்தும் இல்லை. யாருக்கு, எவ்வளவு, எந்த நேரத்தில் என்பதே முக்கியம். அதை முடிவு செய்ய எங்களுக்குத் தேவையானது நோயாளியைப் பற்றிய முழு உண்மை. அந்த உண்மை எந்த ஸ்கேனிலும் தெரியாது, வீட்டாரிடம்தான் இருக்கிறது.

மதுவை எடுத்துக்கொள்வோம். மாலைதோறும் குடித்துப் பழகியவர், மருத்துவமனையில் சேர்ந்ததும் குடியை நிறுத்துகிறார். நல்லதுதானே என்று வீட்டார் நினைக்கிறார்கள். ஆனால் பழகிய உடல் முதல் நாளே நடுங்கத் தொடங்கலாம்; இரண்டாம், மூன்றாம் நாளில் வலிப்பும் கடும் மனக்குழப்பமும் வரலாம். அந்த நேரத்தில் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில், தைத்த நெஞ்சோடு படுத்திருப்பார். இத்தகையவருக்கு, பொதுவாக முதியவரிடம் தவிர்க்கப்படும் அந்தப் பழைய வகை மருந்தே சரியான மருத்துவம். வேறொருவருக்குத் தீங்காகக் கூடியது இவருக்கு உயிர் காப்பது. உண்மை தெரியாவிட்டால் எங்கள் தேர்வு தலைகீழாகிவிடும்.

மானம் கருதி மறைப்பார்கள் என்பதை அறிவோம். மருமகன் முன்னிலையில் மாமனார் குடியைப் பற்றிச் சொல்ல மாட்டார். மகளுக்குத் தெரிந்ததை மருமகளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். எனவே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம்: எங்களிடம் தனியாகச் சொல்லலாம். நோயாளியும் தனியாகச் சொல்லலாம். மனைவியோ மகனோ தனியாக வந்தும் சொல்லலாம். நாங்கள் கேட்பது குற்றம் காண்பதற்காக அன்று. மருந்தின் அளவைக் கணக்கிடுவதற்காக.

உறக்க மாத்திரைகளும் அப்படியே. அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் ஆகியவை 2014 மார்ச் முதல் 'எச்1' என்ற அட்டவணையில் உள்ளன. மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் விற்கக் கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். விதி அப்படி இருந்தும், என்றோ எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்பவர்களை நாங்கள் பார்க்கிறோம். அதைத் தவறென்று இங்கே விவாதிக்க வரவில்லை. அட்டையை எடுத்து வந்து காட்டுங்கள் என்பதே வேண்டுகோள். அறுவைக்கு அஞ்சித் தாமாகவே திடீரென நிறுத்திவிடவும் வேண்டாம்.

நாட்டு மருந்துகளையும் மறக்க வேண்டாம். உறக்கத்துக்காகவும் வலுவுக்காகவும் உண்ணும் அமுக்கராச் சூரணம் போன்றவை அமைதியூட்டும் மருந்தின் விளைவைக் கூட்டக் கூடும். "அது வெறும் மூலிகைதானே" என்று விட்டுவிடாமல், பெட்டியோடு கொண்டு வாருங்கள். பெருங்குறட்டை விட்டு, உறக்கத்தில் இடையிடையே மூச்சு நின்று திணறி எழுபவராக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அது பக்கத்தில் படுப்பவருக்கே தெரியும். அத்தகையவருக்குச் சிறிதளவு உறக்க மருந்தும் மூச்சுத் தடையை உண்டாக்கலாம். முன்பு எப்போதாவது அறுவைக்குப் பின்போ காய்ச்சலிலோ மாறிப் பேசியதுண்டா, அண்மையில் பெயர்களை மறக்கிறாரா, சமையல் அடுப்பை அணைக்க மறக்கிறாரா என்பவையும் எங்களுக்கு வேண்டிய செய்திகளே.

மருத்துவமனையின் கடமை

குடும்பத்தாரிடம் இவ்வளவு கேட்கும் நாங்கள், எங்கள் பங்கையும் சொல்ல வேண்டும். அறுவைக்கு முந்தைய நாள் மயக்கவியல் மருத்துவர் வருவது சடங்காகிவிடக் கூடாது. கட்டிலருகே நின்றபடி, "சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா" என்று நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கிச் செல்வது உரையாடலாகாது. உட்கார்ந்து, தமிழில், வீட்டார் ஒருவரையாவது உடன் வைத்துக்கொண்டு பேச வேண்டும். உறக்க மாத்திரை, மது, புகையிலை, நாட்டு மருந்து, குறட்டை, மறதி ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முடிச்சூர்ப் பெரியவரிடம் நாங்கள் செய்யத் தவறியது அதுவே.

ஒப்புதல் படிவம் பற்றியும் ஒரு சொல். சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நோயாளி தரும் ஒப்புதல் உண்மையானதாக இருக்க வேண்டும் என்றது. சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழி, முக்கியமான ஆபத்து ஆகியவை போதுமான அளவு விளக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. உறக்க மருந்தும் அதில் அடங்கும் என்பது எங்கள் நிலைப்பாடு. "அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாள் உங்களுக்கோ உங்கள் தந்தைக்கோ மனக்குழப்பம் வரலாம், வந்தால் இப்படி இருக்கும், இன்னது செய்வோம்" என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குடும்பம், அது வரும்போது நிலைகுலையாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. "இதையெல்லாம் சொன்னால் பயந்துவிடுவார், இரத்த அழுத்தம் ஏறிவிடும், வேண்டாம் டாக்டர்" என்று பிள்ளைகளே எங்களைத் தடுப்பதுண்டு. அந்த அன்பில் உண்மை இருக்கிறது. அச்சம் இதயத்துக்கு நல்லதன்று. அறுவைக்கு முந்தைய இரவு அமைதியாக உறங்க வேண்டும் என்பதற்காகவே சிலருக்கு மருந்தும் கொடுக்கிறோம். ஆனால் எதுவும் சொல்லப்படாத நோயாளி அஞ்சாமல் இருப்பதில்லை. தனியாக அஞ்சிக் கிடக்கிறார். கூரையைப் பார்த்தபடி, எழுவோமா மாட்டோமா என்று எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அருகே அமர்ந்து, "காலையில் இங்கிருந்து அழைத்துச் செல்வோம், கண் விழிக்கும்போது வாயில் குழாய் இருக்கும், பேச முடியாது, அது இயல்பு, கையை அசைத்தால் நாங்கள் வருவோம்" என்று சொன்னால் போதும். அந்தச் சொற்களே பலருக்கு ஓர் அமைதி மருந்தின் வேலையைச் செய்வதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

அருகில் இருப்பவர் செய்யக்கூடியது

1999-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. அது இதய அறுவை பற்றியதன்று. பொது மருத்துவப் பிரிவில் சேர்ந்த, 70 வயதைக் கடந்த 852 பேரைப் பற்றியது. ஒரு பகுதியினருக்கு எளிய சில உதவிகளைச் செய்தார்கள். நாள், இடம், நேரத்தை நினைவூட்டினார்கள். மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் கிடைக்கச் செய்தார்கள். இரவு ஒலியைக் குறைத்து உறங்க விட்டார்கள். எழுப்பி நடக்க வைத்தார்கள். நீர் அருந்தச் செய்தார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 15.0 விழுக்காட்டினருக்கு மனக்குழப்பம் வந்தது, இவர்களில் 9.9 விழுக்காட்டினருக்கே வந்தது. மேலே சொன்ன விலையுயர்ந்த ஆய்வுகள் பல எட்டாத வேறுபாடு இது.

இவற்றில் பெரும்பாலானவை வீட்டார் செய்யக் கூடியவை. எனவே அறுவைக்குச் செல்லும்போது கழற்றி வாங்கிக்கொண்ட கண்ணாடியையும் காதுக் கருவியையும் பல்தொகுப்பையும் பையின் அடியில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். பெயர் எழுதிய சிறு பெட்டியில் வைத்து, குழாய் எடுத்ததும் செவிலியரிடம் கொடுங்கள். உள்ளே சென்று பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில் அழாமல் பேசுங்கள். "அப்பா, இன்றைக்கு வியாழக்கிழமை, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நான் வெளியேதான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மாறிப் பேசினால் வாதாட வேண்டாம், கேலியும் வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மீண்டும் சொல்லுங்கள். ஒருவர் மாறி ஒருவராகப் பத்துப் பேர் வந்து நிற்பதைவிட, அவருக்கு மிகப் பழகிய ஒரே குரல் நாள்தோறும் ஒரே நேரத்தில் வருவது நல்லது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் உறவினரை விட்டால் தொற்று வரும் என்ற அச்சம் மருத்துவமனைகளில் உண்டு. அது நியாயமான அச்சமே. திறந்த நெஞ்சை மூடிய சில மணி நேரத்தில் கூட்டம் கூடக் கூடாது. ஆனால் கை கழுவி, மேலங்கி அணிந்து, காய்ச்சல் இருமல் இல்லாத ஒருவர் காலையும் மாலையும் குறித்த நேரம் வந்து அமர்வதை, முதியவர்களைப் பொறுத்தவரை, சலுகையாகக் கருதாமல் சிகிச்சையின் பகுதியாகவே கொள்ள வேண்டும் என்பது எங்கள் துணிபு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையசைப்பது போதாது. இதை எங்கள் நிருவாகத்திடமும் வலியுறுத்துவோம்.

இரும்புலியூரிலிருந்து சிறிது தொலைவில் உள்ள தாம்பரம் சானடோரியம், 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் பெயர் பெற்றது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து உலகில் எங்குமே இல்லாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு, கவனிப்பு ஆகியவையே அன்று மருத்துவம். அவை மட்டும் போதவில்லை. மருந்து வந்த பிறகே பலர் பிழைத்தனர். மருந்தின் அருமையை நம் பகுதி நன்கறியும். எங்கள் கவலை எதிர்த்திசையில் உள்ளது. இத்தனை மருந்துகள் கைக்கு வந்த பிறகு, ஓய்வும் கவனிப்பும் தேவையற்றவை என்று எண்ணிவிடுகிறோம். இதய அறுவைக்குப் பின் தெளிவோடு எழ, இரண்டும் வேண்டும்.

ஆகவே, உங்கள் வீட்டில் ஒருவருக்கு இதய அறுவைக்கு நாள் குறித்திருந்தால், முந்தைய நாள் மாலை எங்களுக்காகக் காத்திருங்கள். நோயாளியை நன்கறிந்த ஒருவர் உடன் இருக்கட்டும். அவர் உண்ணும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சூரணங்களையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எந்த உறக்க மருந்தை, எதற்காகக் கொடுக்கப் போகிறீர்கள் என்று எங்களைக் கேளுங்கள். சொல்ல வேண்டியது எங்கள் கடமை. நாங்கள் அவசரமாக எழுந்து செல்ல முற்பட்டால், "கொஞ்சம் உட்காருங்கள் டாக்டர், இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்" என்று தயங்காமல் சொல்லுங்கள். உட்காருவோம்.